காதை அடைத்துக்கொண்டு நடக்கலாமா?

விடியற்காலையில் வீதியில் இறங்குகிறவர்களின் தொகை இப்போது பெருகிவிட்டது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் வீதியில் காணப்பட்டவர்கள் பால்காரர், மீன் வியாபாரி, முதற் பூசைக்குப் போகிறவர்கள் ஆகிய சிலரே. இன்று யாழ்ப்பாணத்துப் பண்ணை வீதியிலும், மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்திலும், கொழும்பில் காலிமுகத் திடலிலும் கைவீசி நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் தாராளமாகக் காணலாம். சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் வைத்தியர்களின் வாய்மூலம் செய்துவைத்த நல்ல காரியம் இது. நடக்கிறவர்களில் பலருடைய காதுகளில் இயர்போன் செருகியிருப்பதையும் கண்டிருப்பீர்கள்.

அண்மையில் ஒரு தகப்பனார் இதைப்பற்றி எம்மிடம் கேட்டார். அவருடைய மகன் நாள்தோறும் ஓடப் போகிறவன், நல்ல பிள்ளை. ஓடும்போது மாட்டிக்கொள்ள விலையுயர்ந்த இயர்போன் ஒன்று வேண்டுமென்று கேட்கிறான். "காசு இருக்குது, சுவாமி. வாங்கிக் குடுக்கலாம். ஆனால் மனம் ஒப்புதில்லை. இதிலை ஏதும் பிழை இருக்குதோ, இல்லாட்டி வயது போனதாலை எனக்கு வாற எரிச்சலோ?" என்பது அவருடைய கேள்வி. சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று விலையைப் பற்றியது. மற்றது காதைப் பற்றியது. அனேகர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். எமக்கோ இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

விலையை முதலிற் பார்த்துவிடுவோம். வெளிச்சத்தத்தை அடக்கக்கூடிய இயர்போன் சோடி ஒன்றை அப்பிள் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 249 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 75,000 ரூபாயை எட்டுகிறது; தீர்வையும் கடைக்காரரின் இலாபமும் வேறு. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அவர் 56 நாள் முதுகிற் கூடை சுமந்தால் இந்தச் சோடியின் விலை கைக்கு வரும். அதுவும் உண்ணாமல் இருந்தால்.

இப்படிக் கணக்குச் சொல்லி ஒருவரை வாயடைக்கச் செய்வது இலகு. ஆனால் இந்தத் தராசில் நிறுத்தால் நம்மில் எவரும் தப்பமாட்டோம். பெருநாளுக்கு எடுக்கும் சேலையும், கலியாணவீட்டு வீடியோவும், பிள்ளைகள் எல்லாரும் கனடாவில் இருக்க இங்கே கட்டிவைத்திருக்கும் ஆளில்லாத மேல்மாடியும் எத்தனை நாட் கொழுந்து என்று எவரும் கேட்பதில்லை. இளைஞனின் காதில் இருப்பதை மட்டும் பிடித்து நிறுப்பது நீதியாகாது. ஒரு செயலை ஆராயும்போது செயல், நோக்கம், சூழ்நிலை என்ற மூன்றையும் பார்க்கவேண்டும் என்பது குருமடத்தில் எமக்குப் படிப்பித்த பழைய பாடம். பொருளின் விலை அந்த மூன்றுக்கும் உதவும் ஒரு சாட்சி. தீர்ப்பு அதன் கையில் இல்லை.

அந்தச் சாட்சியை ஒரு கேள்வி கேட்போம். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கும் கடையில் இயர்போன் உண்டு. அதிலும் பாட்டுக் கேட்கும். அப்படியானால் மிகுதி 70,000 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம்? ஒலியின் தெளிவு என்பார்கள். கதிரையில் அமைதியாக அமர்ந்து கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியலாம். மூச்சிரைக்க, வியர்வை வழிய, பாதம் தார் வீதியில் மோத ஓடுபவருக்கு வயலின் நரம்பின் நுட்பமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? பிறர் கண்ணில் படுகிறது என்பது இன்னொரு காரணம். அதை இங்கு விவரிக்கத் தேவையில்லை. மனிதர் காதில் எதை மாட்டினாலும் பிறர் பார்க்கவேண்டுமென்றே மாட்டினார்கள், தோட்டுக்கும் கடுக்கனுக்கும் அதுவே கதை. மூன்றாவது காரணந்தான் உண்மையான காரணம். வெளியுலகத்தின் சத்தத்தைப் பெருமளவு அடக்கிவிடும் வல்லமைக்கே அந்தப் பெரிய விலை.

இந்த வித்தை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிவது நல்லது. ஒலி என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலை மேலெழும் அதே கணத்தில் அதே அளவாகக் கீழிறங்கும் மற்றோர் அலையை அதன்மேல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஜேர்மானியரான போல் லூக் என்பவர் இந்தத் தத்துவத்துக்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அமர் போஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978இல் விமானத்தில் பயணஞ் செய்யும்போது எஞ்சின் இரைச்சல் பாட்டைக் கெடுப்பதைக் கண்டு இதிலே கவனஞ் செலுத்தினார். அவருடைய கம்பனி 1989இல் விமானிகளுக்கென ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. பொதுமக்களுக்கான கருவி 2000ஆம் ஆண்டில் வந்தது. வெளியே உள்ள சத்தத்தை ஒரு நுண்ணிய ஒலிவாங்கி பிடிக்கிறது. கருவி அதற்கு எதிரான அலையைக் காதுக்குள் விடுகிறது. சத்தம் பெரிதும் குறைந்துபோகிறது. அழகான கண்டுபிடிப்பு. மணிக்கணக்காக எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் விமானிக்கு இது பெரிய உபகாரம். ஆனால் ஆகாயத்தில் எதிரே சைக்கிளில் எவரும் வருவதில்லை. மதிலுக்கு மேலால் எவரும் கூப்பிடுவதில்லை. அங்கே பிறந்த கருவியை நாம் வீதிக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது யப்பானின் சோனி கம்பனி. 1979 யூலையில் அது வோக்மனை விற்பனைக்கு விட்டது. விலை 33,000 யென். அந்த முதற் கருவியில் இன்று எவரும் நினைவுகூராத ஒரு விசேஷம் இருந்தது. இயர்போன் மாட்டும் துவாரங்கள் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் குறைந்து, கருவியிலுள்ள ஒலிவாங்கி மூலம் பக்கத்திலிருப்பவரின் குரல் காதில் விழும். ஏன் இந்த ஏற்பாடு? கம்பனியின் தலைவர் அகியோ மொரிட்டா கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார். தாம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, தம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதுபோல மனைவி மனம் வருந்தியதை அவதானித்தார். ஒருவர் தனியே கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவாக எண்ணப்படும் என்று அஞ்சியே இருவர் சேர்ந்து கேட்க வழி செய்ததாக அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஒரு வியாபாரியின் மனச்சாட்சி இங்கே பேசியிருக்கிறது. தான் விற்கப்போகும் பொருளில் ஒரு சின்ன அநாகரிகம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு துவாரமும் ஒரு பொத்தானும் பரிகாரமாக வைத்தார். வாங்கியவர்கள் அந்தப் பரிகாரத்தைத் தேடவில்லை. ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். பின்வந்த மாதிரிகளில் இரண்டாவது துவாரமும் பொத்தானும் மறைந்தன. வேடிக்கை என்னவெனில், நாற்பது வருடங்களுக்குப் பிறகு அதே பொத்தான் திரும்பி வந்திருக்கிறது. நாம் மேலே கூறிய 249 டொலர்க் கருவியில், அழுத்தினால் வெளியுலகத்தின் சத்தத்தை உள்ளே விடும் ஒரு முறையும் உண்டு. கடவுள் இலவசமாகத் திறந்துவைத்த காதை அடைப்பதற்கும் காசு. அடைத்த காதைத் திறப்பதற்கும் காசு.

சத்தத்துக்கும் தேகப்பயிற்சிக்கும் உள்ள பகை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. உரோமைத் தத்துவஞானி செனெக்கா தம் நண்பர் லூசிலியுசுக்கு எழுதிய 56ஆம் கடிதம் முழுவதும் இதைப்பற்றியதே. அவர் ஒரு பொதுக் குளிப்பு மண்டபத்துக்கு மேலே குடியிருந்தார். கீழே பலசாலிகள் ஈயக் குண்டுகளைத் தூக்கிப் பயிற்சி செய்யும்போது விடும் முனகலையும் மூச்சையும், உடம்பு பிடிப்பவன் தோளில் அடிக்கும் சத்தத்தையும், பலகாரம் விற்பவர்களின் கூவலையும் அவர் அழகாக வருணிக்கிறார். உள்ளே அமைதி இருந்தால் வெளிச் சத்தம் ஒன்றும் செய்யாது என்று கடிதம் முழுவதும் வாதிட்டுவிட்டு, முடிவில் தாம் வேறு வீடு மாறப்போவதாகச் சொல்லிவிடுகிறார்! யூலிசஸ் தன் தோழர்களுக்குக் கண்டுபிடித்த எளிய மருந்து இருக்கும்போது நான் ஏன் வீணாக வருந்தவேண்டும் என்பது அவர் நியாயம். எமக்குச் செனெக்காவிடம் மிகவும் பிடித்த இடம் இது. தத்துவஞானிக்கும் காது வலிக்கும்.

அவர் குறிப்பிடும் அந்த மருந்து மெழுகு. ஓமரின் காவியத்தில் வரும் கதையை வாசகர்கள் அறிவார்கள். கேட்டவரை மயக்கிக் கொல்லும் சைரன்களின் தீவைக் கடக்கும்போது யூலிசஸ் தன் மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்துத் துடுப்பு வலிக்கச் செய்கிறான். காதை அடைத்துக்கொண்டு கடும் தேகப்பயிற்சி செய்தவர்களில் அவர்களே மூத்தவர்கள் போலும். ஆனால் அந்தக் கதையில் நாம் கவனியாது விட்டுவிடும் ஒன்று உண்டு. கப்பலில் எல்லாருடைய காதும் அடைக்கப்படவில்லை. ஒருவன் காதைத் திறந்து வைத்திருந்தான்; அதற்காகப் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு வேதனையும் பட்டான். பாட்டு ஓய்ந்தது என்று அறிவதற்குக் கப்பலில் ஒரு காதாவது திறந்திருக்க வேண்டியிருந்தது.

நமது வீதிகளைப் பற்றி நாம் சொல்ல வந்ததும் இதுவே. கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு உதடு உண்டு. காதுக்கு மூடி இல்லை. நித்திரையிலும் அது திறந்தே கிடக்கிறது. கண்ணால் நாம் விரும்பியதைப் பார்க்கிறோம். காதில் விழுவதோ பெரும்பாலும் பிறர் நம்மிடம் கேட்பது. கூப்பிடுகிறவருக்கு நம்மைத் தெரியவேண்டிய அவசியமில்லை. நாம் அவருக்கு முகங் கொடுத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. வீதி என்பது ஒருவரையொருவர் கூப்பிடக்கூடிய தூரத்தில் எல்லாரும் நடக்கும் இடம். அங்கே நடக்கிறவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே மற்றவர்களுக்குக் காவலாக இருக்கிறார். எங்கள் ஊரில் "எங்கை போட்டு வாறாய்?" என்று மதிலுக்கு மேலால் கேட்கும் கிழவி பெரிய தொந்தரவுதான். ஆனால் அதே கிழவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து முனகினால் அந்தக் குரல் யாருடைய காதில் விழவேண்டும்? அந்த நேரத்தில் ஒழுங்கையால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில். அவன் காதில் 75,000 ரூபாய்க்கு வாங்கிய மௌனம் இருக்கிறது. அவன் கெட்டவனல்ல. கேட்டிருந்தால் மதிலேறிக் குதித்திருப்பான். நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் கண்டபின் விலகிப் போனார்கள். அது அவர்களுடைய குற்றம். இவனுக்குக் குற்றஞ் செய்வதற்குக்கூடச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கடமை வந்து கதவைத் தட்டியது அவனுக்குத் தெரியவே தெரியாது. இதுதான் எம்மை உறுத்துகிறது.

காதின் பெறுமதியை வடக்குக் கிழக்கில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. யுத்த வருடங்களில் நாங்கள் காதால் உயிர் பிழைத்தவர்கள். ஷெல் புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையில் எத்தனை நொடி என்று சின்னப் பிள்ளைகளே கணக்குச் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் கத்திய ஒரு சத்தத்தைக் கேட்டுப் பதுங்கு குழிக்குள் பாய்ந்ததால் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி அயலவர் குரலால் உயிர் தப்பிய ஊரில் அயலவர் குரலை அடைப்பதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது யோசிக்கவேண்டிய விடயம். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். அந்தச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டே நொந்துபோன காதுகளும் உண்டு. 2009க்குப் பிறகும் பட்டாசு வெடித்தால் நடுங்குகிறவர்களை நாம் அறிவோம். அத்தகைய ஒருவர், எனக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் மெல்லிய பாட்டு மட்டும் கேட்கட்டும் என்று காதை மூடிக்கொண்டால் அவரைக் கடிந்துகொள்ள எவருக்கு மனம் வரும்?

பாட்டு உடற்பயிற்சிக்கு உதவுகிறது என்பதையும் மறுக்க முடியாது. இலண்டனில் உள்ள புறூனெல் பல்கலைக்கழகத்தில் கொஸ்தாஸ் கராஜியோகிஸ் என்ற பேராசிரியர் பல வருடங்களாக இதை ஆராய்ந்தவர். மிதமான வேகத்தில் பயிற்சி செய்பவருக்குப் பாட்டு களைப்பு உணர்ச்சியைக் குறைக்கிறது. உடம்பின் முழுப் பலத்தையும் போட்டு ஓடும்போது அந்த உதவி குறைந்துவிடுகிறது. இதை நம் முன்னோர் ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள். ஏற்றம் இறைத்தவர்களும் கரைவலை இழுத்தவர்களும் பாடிக்கொண்டே இழுத்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அம்பாப் பாட்டைப் பாடியவர்கள் எல்லாருக்குமாகப் பாடினார்கள். அந்தப் பாட்டே அவர்களை ஒன்றாக இழுக்க வைத்தது.

உடம்புக்கு வரும் ஆபத்துக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இளவயதினரில் 110 கோடிப் பேர் கேட்குந்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் எச்சரித்தது. 100 டெசிபல் சத்தத்தை நாளுக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அதன் கணக்கு. வாகன இரைச்சலை மேவுவதற்காகப் பாட்டைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் இதை நினைக்கவேண்டும். இந்த ஒரு விடயத்தில் விலையுயர்ந்த கருவிக்காக ஒரு வார்த்தை பேசலாம். வெளிச் சத்தம் அடங்குவதால் பாட்டைக் கூட்டவேண்டிய தேவை அதில் குறைவு. வீதி ஆபத்தோ இரண்டுக்கும் பொது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து வூட்பிறிட்ஜ் நகரசபை 1982லேயே காதுக் கருவியோடு வீதியைக் கடப்பதைத் தடைசெய்தது. நம் பக்கத்தில் இன்னும் கூடுதலாக யோசிக்கவேண்டியது புகையிரதத்தை. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தண்டவாளத்தில் ஆடு மேய்ந்த காலத்தில் வளர்ந்தவர்கள் பலர். காவல் இல்லாத கடவைகள் இன்னும் உண்டு. காதில் இயர்போனுடன் தண்டவாளத்தில் நடந்து மாண்டவர்களின் செய்தி இந்நாட்டுப் பத்திரிகைகளில் வராத வருடமில்லை.

ஆகவே தகப்பனாருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். வீட்டு அறையில் அல்லது உடற்பயிற்சி நிலையத்தில் ஓடும் இயந்திரத்தின் மேல் நின்று பயிற்சி செய்கிறவன் தன் பணத்துக்கேற்ற எதையும் மாட்டிக்கொள்ளட்டும். அங்கே அவனுடைய காதுக்காகக் காத்திருப்பவர் எவருமில்லை. வீதியிலோ ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும். அதற்கு மலிவான கருவியே போதும். காதுத் துவாரத்தை அடைக்காமல் கன்னத்தெலும்பின் மூலம் ஒலியைச் செலுத்தும் கருவிகளும் இப்போது வந்துள்ளன. காசு செலவழித்தே தீருவேன் என்று பிள்ளை நின்றால் அதில் செலவழிக்கட்டும். கல்லடிப் பாலத்தில் நடக்கிறவர்களுக்கு மாத்திரம் ஒரு விசேஷ விண்ணப்பம்: பூரணை இரவில் பாலத்தடியில் மீன் பாடுவதை எங்கள் பாட்டன்மார் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டார்கள், புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த இயேசு சபைக் குரு லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவும் செய்தார். அந்த ஓரிடத்திலாவது இரண்டு காதையும் கழற்றி வையுங்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அது பெண்பிள்ளைகளைப் பற்றியது. வீதியில் தனியே நடக்கும் இளம் பெண்கள் பலர் பாட்டுக் கேட்பதற்காக இயர்போன் மாட்டுவதில்லை. மதகடியில் குந்தியிருப்பவர்கள் சொல்லும் சொற்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக மாட்டுகிறார்கள். சிலர் பாட்டே போடாமல் வெறுங் கருவியை மாட்டிக்கொண்டு போகிறார்கள். கேளாதவள் போல நடிப்பதற்கு அது ஒரு சாட்டு. பின்னால் யார் வருகிறான் என்று அறிவதற்காகப் பாட்டை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் காதைத் திறந்து வை என்று உபதேசிக்க எமக்கு வாய் வராது. அவர்கள் மாட்டிக்கொள்ளட்டும். எவ்வளவு விலையானாலும் மாட்டிக்கொள்ளட்டும். பேசவேண்டியது மதகில் இருப்பவர்களோடு. அடுத்த வாரம் அவர்களுக்கு எழுதுவோம். அவர்கள் காதில் எதையும் மாட்டியிருக்கக் காணோம். ஆகவே எவராவது வாசித்துக் காட்டினால் நன்றாய்க் கேட்கும்.